மூன்றாவது சான்று

‘ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள். நீங்கள் இரண்டு பக்கமும் நிற்கிறீர்கள்’ என்று ரீச்சர் கட்டுரையின் அடியில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

கட்டுரை இராஜேஸ்வரியுடையது. ஆனால் அடி விழுந்தது அவளுடைய கணவர் சண்முகநாதனுக்கு. அந்த முடிவுரை அவர் சொல்லிக்கொடுத்தது.

கட்டுரைக்குக் கொடுத்த நாடகம் பழையது. ஐரோப்பாவில் எங்கோ, நூறு வருடத்துக்கு முந்தி எழுதியது. கடைசிக் காட்சியில் மனைவி, கணவனையும் பிள்ளைகளையும் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். போனது சரியா, பிழையா? வாதிட்டு எழுதவேண்டும்.

இதெல்லாம் அவருக்கு ஒரு கேள்வியா? கனடாவின் ஸ்காபரோவில் பொங்கல் விழாவோ வாணி விழாவோ, பட்டிமன்றம் என்றால் அவர்தான் நடுவர். இரண்டு அணியையும் சண்டைபிடிக்க விட்டு, கடைசியில் எழுந்து, அவர்கள் சொன்னதும் சரி, இவர்கள் சொன்னதும் சரி என்று ஒருவர் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்லுவார். சபை கைதட்டும். வீட்டில் வீடியோ கசற் கூட இருக்கிறது.

அதையே மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தார். அவள் போனதும் சரி, போகாமல் இருந்திருந்தாலும் சரி.

ரீச்சர் கைதட்டவில்லை. திங்கட்கிழமை திருப்பி எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரருக்குப் பட்டிமன்றம் விளங்காது என்று சண்முகநாதன் வீட்டுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இராஜேஸ்வரிக்கு இந்தக் கட்டுரை பாஸாகவேண்டும். பாஸானால் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் முடியும், நேர்சிங் படிப்புக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிற வேலைதான், தோள் தாங்கும் வரைக்கும்.

தோள் ஏற்கெனவே நோகத் தொடங்கியிருந்தது. சண்முகநாதன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குப் பதிலாகத் தானே டொக்டருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அவர் விடவில்லை. பின்னேரம் வேலையால் வந்து, முகம் கழுவி, அவளுடைய இடது தோளுக்குத் தன் கையாலேயே மருந்து தேய்த்துவிடுகிறார். சும்மா சொல்லக்கூடாது, அக்கறையான மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குசினி மேசையில் அவள் பென்சிலால் எழுதினாள். இரண்டு வரி எழுதுவாள். பென்சிலை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு இருப்பாள். பிறகு இன்னும் இரண்டு வரி.

எழுத விஷயம் இல்லாமல் முழிக்கிறாள் என்று அவர் நினைத்தார். பாவமாக இருந்தது. ஆனால் இந்த முறை தன்னை உதவிக்குக் கூப்பிடவில்லையே என்ற மனத்தாங்கலும் இருந்தது.

இடையில் எழுந்து தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தாள். கோப்பையை இடது கையால் நீட்டினாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான்.

“இடக்கையாலையே தாறது? கனடாவுக்கு வந்து எல்லாம் மறந்துபோச்சு” என்று பகிடியாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அவளும் சிரித்துவைத்தாள்.

எழுதி முடித்ததும் தாள்களை அவர் பக்கம் தள்ளினாள். எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்றாள்.

அவர் ஊரில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். ஆங்கிலத்தில் பிழை பிடிக்க விட்டால் சாப்பாடும் வேண்டாம். நாடகத்தை அவர் வாசிக்கவில்லை. அவள் சொன்ன கதையோடு சரி. நடுவர்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டா மேடை ஏறுகிறார்கள்?

அவள் ஒரு பக்கம் எடுத்திருந்தாள். போனது சரி என்ற பக்கம்.

முதலாவது சான்று, கணவன் மனைவியைச் சின்னப்பிள்ளை போல நடத்துகிறான். பரவாயில்லை. இரண்டாவது, மனைவியைவிடத் தன் மரியாதைதான் அவனுக்குப் பெரிது. அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினார்.

மூன்றாவது சான்றில் அவருடைய பென்சில் நின்றது.

மனைவிக்குச் சுகமில்லை. டொக்டர் அவளைப் பார்த்து எங்கே நோகிறது என்று கேட்கிறார். அவள் வாய் திறக்கமுதல் பக்கத்தில் நின்ற கணவன் பதில் சொல்கிறான். பிழையான இடத்தைக் காட்டுகிறான். பிறத்தியாருக்கு முன்னால் அவனைத் திருத்தக்கூடாதே என்று அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள்.

சண்முகநாதன் மேசையில் ஓங்கித் தட்டினார்.

“சபாஷ்! இதுதான் அடி. இதை முதலாவதாப் போடும். உப்பிடி ஒருத்தனோடை எந்த மனிசி இருப்பாள்? போனது சரிதான்!”

இத்தனை வருட நடுவர் வாழ்க்கையில் அவர் ஒருபக்கத் தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

“அதை அழிச்சுவிடுங்கோ” என்றாள் இராஜேஸ்வரி. “நாடகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை. ரீச்சர் மார்க்ஸ் குறைப்பா.”

நாடகத்தில் இல்லாவிட்டால் வேறு எங்கே கண்டாள் என்று கேட்க அவர் நிமிர்ந்தார்.

அவள் அழிறப்பரை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால்தான். அவ்வளவு நேரமும் எழுதிய வலது கை மடியில் கிடந்தது. அந்தப் பக்கத் தோளை அசைக்காமல், கவனமாக இருந்தாள்.

இந்த முறை அவர் பகிடி விடவில்லை. வெட்கம் காது வரைக்கும் ஏறியது. சொன்ன தீர்ப்பை நடுவர் திருப்பி எடுக்கக்கூடாது என்பது ஒவ்வொரு மேடையிலும் அவரே சொல்லுகிற விதி.

அழிறப்பரை வாங்காமல் எழுந்து போனார். யன்னலடியில் இருந்த மருந்தை எடுத்து வந்தார். வழக்கம்போல மூடியைத் திறக்கப்போய், நிறுத்திக்கொண்டார்.

“எங்கை நோகுது?”

கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை பொறுத்திருந்தார்.