வாடகை சோபா

“ஐயையோ, அதுல உட்காராதே!” என்று பதறினார் சேனாபதி.

கண்மணி ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. கையில் காபி டம்ளர் வேறு.

சோபாவோ பளீரென்ற வெள்ளை. சொந்த சோபாவாக இருந்தால்கூடப் பரவாயில்லை, வாடகை சோபா. அமெரிக்காவில், டெக்சஸின் கேட்டி என்ற ஊரில் இருக்கும் இந்த வீட்டை விற்பதற்காக, வீடு ஜோடிக்கும் ஸ்டேஜிங்காரப் பெண்மணி லாரியில் கொண்டுவந்து இறக்கியது. வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்குத்தான், நீங்கள் புழங்குவதற்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இன்றைக்கு மதியம் ஓப்பன் ஹவுஸ். ஊரே வந்து பார்க்கப் போகிறது.

வீடு வாங்கிய நாளிலிருந்து இந்த முன் ஹாலில் ஒரு முக்காலிகூட இருந்ததில்லை. டெக்சஸில் வீடு என்றால் வாசலைத் தாண்டியதும் இப்படி ஒரு ஹால் இருக்கும். நம் ஆட்கள் வாங்கினால் அது காலியாக இருக்கும். பிள்ளைகள் சின்ன வயதில் அங்கே சைக்கிள் ஓட்டினார்கள். அவர்கள் காலேஜுக்குப் போன பிறகு அரிசி மூட்டைகள் குடிவந்தன.

ஒவ்வொரு தீபாவளிக்கும் கண்மணி ஒரு சோபா கேட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேனாபதி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மனுஷரைக் கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. ஈரோட்டில் தங்கை கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்தியவர். உட்காரத்தான் உள்ளே ஒரு பழைய சோபா இருக்கிறதே, முன்னால் இன்னொன்று எதற்கு என்பது அவர் கட்சி.

இப்போது அவருக்கு வேலை ஜெர்சி சிட்டிக்கு மாறிவிட்டது. அங்கே பார்த்து வைத்திருக்கும் அபார்ட்மென்டில் முன் ஹாலும் கிடையாது, பின் ஹாலும் கிடையாது. ஆக, கண்மணியின் சோபா ஆசைக்கு இந்த வீட்டோடு கதை முடிந்தது.

ஸ்டேஜிங் பண்ணினால் நல்ல விலை போகும் என்று வீட்டு ஏஜென்ட் சொன்னபோது, எவனோ வந்து பார்ப்பதற்கு நான் வாடகை கட்ட வேண்டுமா என்று குதித்தவர்தான் சேனாபதி. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கண்மணி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அந்தச் செலவை வீடு விக்கிற செலவுன்னு காட்டி, டேக்ஸ்ல கழிச்சுக்கலாமாமே!” என்றாள்.

அவ்வளவுதான். டேக்ஸில் கழியும் என்றால் நம்மவர் யானையைக்கூட வாடகைக்கு எடுப்பார். சோபா, தரை விரிப்பு, ஆளுயர விளக்கு, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்றே தெரியாத ஒரு ஓவியம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போதாக்குறைக்குத் தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் பார்ட்டியில், கேக் சாப்பிட வந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கம் வேறு கொடுத்தார்.

இப்போது வெள்ளை சோபாவையும் கண்மணி கையிலிருந்த காபியையும் மாறி மாறிப் பார்த்தவர், “கறை பட்டா சோபாவுக்குக் கட்டின டெபாசிட் போச்சு. அதையும் டேக்ஸ்ல காட்ட முடியுமான்னு கேட்டுடறேன்” என்று போனை எடுத்தார்.

டேக்ஸ் பார்க்கும் குமாரசாமி சனிக்கிழமையும் போன் எடுக்கிற நல்ல மனிதர். கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

“அண்ணா, டெபாசிட்டை விடுங்க. ஸ்டேஜிங் செலவே உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. ப்ராஃபிட்ல கழிக்கலாம், வாஸ்தவம்தான். ஆனா இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டை வித்தா, ஹஸ்பண்ட் வைஃப் ரெண்டு பேருக்கும் சேர்த்து அஞ்சு லட்சம் டாலர் ப்ராஃபிட் வரைக்கும் டேக்ஸே கிடையாது. உங்களுக்கு அதுல பாதிகூட வராது. இல்லாத டேக்ஸ்ல எதைக் கழிப்பீங்க?”

சேனாபதியின் முகம் தொங்கிப்போயிற்று. பார்ட்டியில் வாயைப் பிளந்து கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கண்முன் வந்து போனார்கள்.

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, குமாரசாமி?”

“அண்ணிகிட்ட சொன்னேனே! வீட்டை விக்கிறதுன்னு முடிவானதுமே போன் பண்ணிக் கேட்டாங்க. ஸ்டேஜிங் பண்ணினா டேக்ஸ்ல என்ன ஆகும்னு. அப்பவே இதே மாதிரி விவரமா சொல்லிட்டேன்.”

சேனாபதி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

கண்மணி இப்போது கால்களை மடக்கி, சோபாவின் ஒரு மூலையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அவர் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோபம் வந்தது. எப்படி வராமல் இருக்கும்? ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கட்டிய புருஷனிடம் கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு சோபாவில் நாலு நாள் உட்கார டேக்ஸ்காரர் வரைக்கும் போயிருக்கிறாளே என்று நினைத்ததும் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கம்தான் மிஞ்சியது.

“என்னங்க சொல்றார்?” என்று கேட்டாள் கண்மணி, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே.

சேனாபதி போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“முழுசும் கழிச்சுக்கலாமாம்” என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.