நடத்துநர் மசோதா

பேருந்து நடத்துநர் சகாயமேரி காலையில் டிப்போவை விட்டுக் கிளம்பியதிலிருந்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்திலேயே அவளைச் சட்டசபைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். யாருக்காகச் சட்டமோ, அவர் படும் பாட்டைச் சபாநாயகர் உட்பட எல்லோரும் கையில் கட்டிய பட்டை வழியாகத் தங்கள் உடம்பிலும் உணர்ந்தாக வேண்டும். அவருக்குத் தீரும்வரை பட்டை கழலாது. அதுதான் சபை விதி.

பெண் நடத்துநர்கள் வழியில் வண்டியை நிறுத்திக் கழிப்பறை போய்வரலாம் என்ற மசோதாவை அமைச்சர் வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியிலேயே காலைப் பின்னிக்கொண்டார்.

வெளிநடப்புக்கென்றே வந்திருந்த எதிர்க்கட்சித் தலைவர், "முழுசா ஆதரிக்கிறோம், சீக்கிரம் முடிங்கய்யா!" என்று அலறினார்.

சபாநாயகர் "ஆம் என்போர்" என்று கேட்டு முடிப்பதற்குள் மசோதா நிறைவேறியது. கட்சி பேதமில்லாமல் சபையே கழிப்பறைக்கு ஓடியது.

போன வேகத்தில் எல்லோரும் வாடிய முகத்தோடு வெளியே வந்தார்கள். முட்டுவது சகாயமேரிக்கு, இவர்கள் போய் என்ன பிரயோசனம்?

"தாயே, மொதல்ல நீங்க போங்க!" அமைச்சர் கதவைத் திறந்து பிடித்தார். எதிர்க்கட்சித் தலைவர் குழாயைத் திருகிப் பார்த்து, "தண்ணி வருதும்மா, நல்லா வருது" என்றார்.

சகாயமேரி வாசலிலேயே நின்றாள். அடக்குவது அவளுக்குப் பழகிய வேலை.

"எங்க டிரைவர் அண்ணன் முதுகுவலிக்கும் ஒரு சட்டம் கேட்டாரு சார்" என்றாள் சாவகாசமாக.

சபாநாயகர் முழங்கால்களை இறுக்கிக்கொண்டு, அங்கேயே குரல் கொடுத்தார்: "ஆம் என்போர்?"