மருந்துக் குழுவில் சிமெண்ட்

"சிமெண்ட் கம்பெனியைக் கொண்டுபோய் மருந்துல வச்சிருக்கீங்களே, இது நியாயமாப்பா?"

"அது தலைவலி குடுக்குது. மருந்துலயே இருக்கட்டும்னு விட்டேன்" என்றார் அப்பா.

மகள் சிரிக்கவில்லை. மவுஸை இழுத்து அந்தக் கம்பெனியின் பங்கு விலை வரைபடத்தைக் கட்டுமானக் குழுவில் போட்டாள்.

லேப்டாப் திரையின் இடது ஓரத்தில் குழுக்களின் பெயர்கள் இருந்தன. வங்கி, மருந்து, கட்டுமானம், துணி, இன்னும் சில. அவற்றுக்குள் எண்பத்தாறு பங்குகளின் வரைபடங்கள். போன மாதம் அவளே உட்கார்ந்து தொழில்வாரியாகப் பிரித்துக் கொடுத்தவை. அவள் நூலகர். ஒரு புத்தகம் அடுத்த அலமாரிக்கு நகர்ந்திருந்தாலே அவளுக்குக் கை பரபரக்கும்.

இப்போது துணி ஆலை வங்கியில் கிடந்தது. மூன்று வங்கிகள் துணியில் கிடந்தன. ஒரு உரக் கம்பெனி நான்கு குழுக்களில் தலைகாட்டியது.

"யார் இப்படிக் கலைச்சது?"

"அதுவாக் கலைஞ்சிடுச்சு. என்னவோ அப்டேட் கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்."

"அப்டேட் பண்ணா பங்கெல்லாம் எழுந்து இடம் மாறி உட்காருமா?"

"எனக்கென்ன தெரியும், நான் அந்தக் காலத்து ஆள்."

"முப்பது வருஷம் ரயில்வேல கால அட்டவணை போட்ட ஆள் பேசுற பேச்சா இது?"

அம்மா பையும் கையுமாக வந்து நின்றாள். அப்பா இன்னும் சட்டைகூட மாற்றவில்லை என்பதைப் பார்த்தாள்.

"மணி ரெண்டரை. நாலுக்குள்ள போய் அட்மிஷன் போடலைன்னா இந்தத் தேதியும் போச்சு. அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுத்தான்னு டாக்டர் சொல்லிட்டார். பித்தப்பைல கல்லை வச்சுக்கிட்டு வலியில சுருண்டு கிடக்கிறதை இன்னும் ரெண்டு மாசம் என்னால பார்க்க முடியாது. போன தடவை மாதிரி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்ட்டு, பயமா இருக்குன்னு திரும்புற கதையெல்லாம் வேண்டாம். கேட்குதா?"

யாரும் நிமிரவில்லை. அம்மா காரைக் கூப்பிடப் போனாள்.

மகள் லேப்டாப்பை மூடப் போனாள். அப்பா குறுக்கே கையை வைத்தார்.

"இதைச் சரிபண்ணாம நான் வரமாட்டேன்."

"என்னப்பா பிடிவாதம் இது? சின்னப் பிள்ளையா நீங்க?"

"எல்லாம் இப்படிக் குப்பையாக் கிடக்கிறப்போ அங்க போய் எப்படி நிம்மதியா இருக்கிறது? நாளைக்குச் சந்தை திறந்ததும் எதை எங்க தேடுவேன்?"

"நாளைக்கு ஆபரேஷன். சந்தையா முக்கியம்?"

"ஆபரேஷன் பத்து மணிக்குத்தானே. சந்தை ஒன்பதேகாலுக்கே திறந்திடும்."

"உங்களோட பேசியே என் உசுரு போயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மவுஸைப் பிடித்தாள். "போய் முதல்ல சட்டையை மாத்துங்க."

காரில் லேப்டாப் அவள் மடியில் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திரையை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்த எஃகு கம்பெனி இருக்கே, அதுக்கு 'ஏறுது'ன்னு ஒரு குழு ஆரம்பிச்சு அதுல போடு."

"தொழிலை வச்சுப் பிரிச்சுக்கிட்டு இருக்கோம். நடுவுல ஏறுது இறங்குதுன்னா? எதுக்கும் ஒரு முறை வேண்டாமா?"

"அது ஏறுதே பாப்பா."

"நாளைக்கு இறங்கினா?"

"'இறங்குது'க்கு மாத்திடலாம்."

"தினம் இதே வேலையா உங்களுக்கு?"

"ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை?"

முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னாள். "இந்த மனுஷன் ஒருத்தர் போதும். வீட்டுக்குத் தனியா ஒரு நோய் வேண்டாம்."

கார் நின்றது. இருபது பங்குகள் மிச்சமிருந்தன. மகள் திறந்த லேப்டாப்பை முன்கையில் தாங்கிக்கொண்டு இறங்கினாள். அப்பா அவள் தோளைப் பிடித்தபடி நடந்தார். நடக்கும்போதே ஒரு சர்க்கரை ஆலையைச் சாயத் தொழிலிலிருந்து மீட்டாள்.

அம்மா வரிசையில் நின்று படிவம் நிரப்பினாள். லிஃப்டில் பதினொன்று மிச்சம். மூன்றாவது மாடியில், நீண்ட நடையில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்று.

"இந்த உரக் கம்பெனி."

"அதை மருந்துல போடு."

"அப்பா."

"பயிருக்கு அதுதானே மருந்து?"

"இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா எண்பத்தாறையும் அழிச்சிடுவேன். சத்தியமா."

அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவள் 'வேளாண்மை' என்று புதிய குழு தொடங்கினாள். உரக் கம்பெனியை நான்கு இடத்திலிருந்தும் நீக்கி அதில் வைத்தாள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். எதுவும் இடம் மாறி இல்லை. நீளமாக மூச்சு விட்டாள்.

மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. பெயர் எழுதிய பட்டையோடு நர்ஸ் வந்து நின்றாள்.

"பேஷன்ட் கையை நீட்டுங்க."

அப்பா லேப்டாப்பை மகளின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நேத்து முழுக்க உட்கார்ந்து கலைச்சேன் பாப்பா" என்றார். "இந்தத் தடவை வாசலைத் தாண்டினதை நீ கவனிக்கவே இல்ல பாரு."

மகள் கையை நீட்டினாள்.