வலது கை

வலது கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள்.

வேண்டுமென்றேதான். கை சும்மா இருந்தால் அவள் தொடையில் தாளம் போடுவாளாம்.

நேற்று ஒத்திகையில் போட்டாள். சீன வாத்தியங்களோடு அறுபது பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இசை நடத்துநர் குவெக் குச்சியைத் தாழ்த்தினார். இங்கே தாளம் காட்ட ஒருவர் போதும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையை அடக்கிப் பாடியதில் இரண்டு தடவை பாட்டு தொடங்கும் எடுப்பு தவறியது. இன்றைய முதல் காட்சியிலும் தவறினால் நாளைய காட்சியில் அவள் பாட்டு கிடையாது.

மைக் கொடுத்த ஏற்பாட்டுக்குழுத் தயாளன் மேடையோரம் கெஞ்சினான்.

"அக்கா, விருந்தாளியா வந்திருக்கீங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்."

"பாடக் கூப்பிட்டீங்களா, வாக்கப்படக் கூப்பிட்டீங்களா தம்பி?"

விளக்குகள் எரிந்தன.

பல்லவி நன்றாகத்தான் போனது. ஏழு எண்ணிக்கைப் பாட்டு. சரணத்தில் பெருமுரசுக்காரர் பழக்கதோஷத்தில் எட்டாக நீட்டிவிட்டார்.

போச்சு!

எர்ஹூ வில்கள் ஒரு பக்கம் இழுத்தன. பிப்பா மீட்டியவர்கள் இன்னொரு பக்கம் ஓடினார்கள். குவெக்கின் குச்சி நடுவில் தத்தளித்தது. நாளைக்கு யார் தலை உருளும் என்று அவளுக்குத் தெரியாதா?

மைக்கை இடது கைக்கு மாற்றினாள்.

குழுவின் பக்கம் பாதி திரும்பினாள்.

பட்டுப்புடவை மேல் ஓங்கி ஒரு அடி.

அரங்கத்துக்கே கேட்டது. கேட்கட்டும்.

குவெக் முறைத்தார். முறைக்கட்டும்.

அடித்தாள். பாடினாள். தொடை எரிந்தது, விடவில்லை.

முதலில் பிப்பா வாசித்த நரைத்தலை அம்மாள் அவள் கையைப் பார்த்தார். அப்புறம் முரசுக்காரர். பிறகு வரிசை வரிசையாகக் கண்கள் குச்சியை விட்டு அவள் கைக்கு வந்தன.

சிதறியதெல்லாம் ஒரே தட்டில் வந்து சேர்ந்தது.

கடைசியில் குச்சியும் அவள் கையோடுதான் இறங்கியது.

இறுதி வரியின் கார்வை அடங்குமுன்பே கூட்டம் எழுந்துவிட்டது. குவெக் முகமெல்லாம் வியர்வையாகக் கை நீட்டினார். நேற்றைய சிரிப்பைக் காணோம்.

அவள் வலது கை தொடையை விட்டு எழவில்லை.

தாளச் சுற்றான ஆவர்த்தனத்தில் இன்னும் ஒரு தட்டு பாக்கி இருந்தது.

நீட்டிய கையோடு அவரை நிற்க வைத்துவிட்டு, நிதானமாக அதைப் போட்டாள்.