வெந்நீரில் குதித்த ரேஸர்

இருதயராஜின் தாடி முள்ளுமுள்ளாக இருக்கும். பிளாஸ்டிக் ரேஸர்கள் அதில் இழுபட்டுத் தோற்றுப்போனதால், கனமான இரும்பு ரேஸர் ஒன்றை முதல்முறையாக வாங்கிவந்தார்.

முதல் நாளே கன்னத்தில் இரண்டு வெட்டு. ரத்தத்தை நிறுத்த வந்த படிகாரக் கல் ரேஸரைப் பார்த்துச் சிரித்தது.

"நீயும் அப்படித்தானா? சரி, நாளைக்கும் எனக்கு வேலை இருக்கு."

"இருக்காது," என்றது ரேஸர். "தாடி ஊறவே இல்ல. நுரை போட்ட கையோட என்னை வச்சு அழுத்துறார்."

"அவர் அவசரத்தை நீ மாத்தப்போறியாக்கும்!"

மறுநாளும் நுரை பூசியவுடன் அவர் ரேஸரை எடுத்தார். அது அவர் கையிலிருந்து வழுக்கி, பிரஷ் நனைக்க வைத்திருந்த வெந்நீர் மக்குக்குள் தொப்பென்று விழுந்தது. கை வைக்க முடியாத சூடு. தண்ணீர் ஆறும்வரை அவர் தாடி நுரையிலேயே ஊறியது. பிறகு தாடி சொன்னபடி கேட்டது. படிகாரம் அன்று நனையவே இல்லை.

அடுத்த நாள் காலையும் அதே அவசரம். ரேஸர் மக்கை எட்டிப் பார்த்தது.

"இன்னைக்குமா? சுடுமே!" என்று பதறியது படிகாரம். "இப்படி எத்தனை நாளைக்குத்தான் குதிப்பே?"

ரேஸர் அதற்குள் வழுக்கத் தொடங்கியிருந்தது.

"அவர் பழகுற வரைக்கும்."