தடித்த சாய்வெழுத்து

அவர் மறுபடியும் அச்சுக்கடையின் கணினித் திரையில் விரலால் தட்டினார். அதே எழுத்துருதான். தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் குட்டிப் பாதம் வைத்தது.

"அவனுக்கு ரசனை கிடையாதும்மா. நீங்க நேரா, பளிச்சுன்னு இருக்கறதையே போடுங்க," என்றார் கூட வந்திருந்த அவருடைய அக்கா.

வந்ததிலிருந்து இதே இழுபறி.

அவர்கள் கேட்டது சீட்டுக்கட்டு அளவில் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். தண்ணீர். நன்றி. போதும். வேண்டாம். வீட்டுக் குழந்தைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நேர் எழுத்தில் மாதிரி மேல் மாதிரியாகச் செய்து காட்டினேன். அக்கா தலையாட்டுவார். தம்பி உதட்டைப் பிதுக்குவார்.

எனக்குத் தலை கொதித்தது.

"சார், இது தலைப்புக்கு எடுப்பா இருக்கும். தள்ளுபடி விளம்பரத்துக்குச் சரியா இருக்கும். சின்ன அட்டைல போட்டா சுழியெல்லாம் அடைச்சுக்கும். தண்ணின்னு கேக்கறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு அதட்டல்?"

அவர் முகம் மலர்ந்தது. 'அதேதான்' என்பதுபோல் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். என் பேனாக்கள் உருண்டன.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அக்காவாவது அவருக்கும் சேர்த்து மூச்சுவிடாமல் பேசுகிறார்.

அக்காவின் கைபேசி அடித்தது. "நேர் எழுத்துதான். அச்சுக்குக் குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கதவு மூடியதும் தம்பி என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார்.

'தொண்டைல ஆபரேஷன். குரல் போயிடுச்சு. கோபம் போகல.'

விசைப்பலகையை அவர் பக்கம் இன்னும் தள்ளிவைத்தேன்.

அவர் அதை அழித்துவிட்டு வேறொரு வரி அடித்தார். நான் போல்ட் அழுத்தினேன். இட்டாலிக் அழுத்தினேன். எழுத்துகள் புடைத்துக்கொண்டு, சண்டைக்குக் கிளம்பியவைபோல் முன்னால் சாய்ந்தன.

அளவைக் கூட்டி அவரைப் பார்த்தேன். இன்னும் என்று கையை உயர்த்தினார். அட்டையின் ஓரம் இடிக்கும்வரை கூட்டினேன்.

அக்கா பேசிக்கொண்டே உள்ளே வந்தார். "முடிஞ்சுதாம்மா? அவன் என்ன நினைக்கறான்னா..."

அச்சிலிருந்து சூடாக வந்த அட்டையைத் தம்பி அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

'அக்கா, நானே சொல்லிக்கறேன்.'

அக்கா ஓரடி பின்னால் போனார்.

"எதுக்குடா இப்படிக் கத்தற?"