கரி வெளுக்கும் வரை

"சூடா இருந்த செங்கல்லுல தண்ணிய ஊத்துன புண்ணியவான் யாரு?"

கொல்லைப்புறத்திலிருந்து வந்த அதட்டலில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். பின்னாலேயே அவன் மனைவியும் ஓடினாள்.

செங்கல் அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. கையோடு கொண்டுவந்திருந்த மாவுப் பாத்திரம், ஈரத்துணி மூடிப் படியில் இருந்தது.

"நான்தாம்மா. காலையில ஒரே புகை. அதான் ஒரு வாளி..."

"வாளியா? இது என்ன அடுப்பா, பத்தி எரியிற வீடா? கல்லு எப்படி விரிசல் விட்டிருக்கு பாரு!"

சாம்பலுக்குள் கைவிட்டுத் துழாவி, பாதி கருகிய கட்டை ஒன்றை வெளியே எடுத்தாள். ஓரத்தில் பச்சை நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெயின்ட் அடிச்ச கட்டையப் போட்டு எரிச்சீங்களா?"

"பழைய ஜன்னல் சட்டம்மா. சும்மாதானே கிடக்குதுன்னு..."

"இதுல சுட்ட ரொட்டியத் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்? கொஞ்சமாவது யோசனை வேணாம்?"

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களிமண்ணைத் தன் கையால் பிசைந்து, செங்கல் செங்கலாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய அடுப்பு. அதைப் போய்க் குப்பைத்தொட்டி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்களே! என்ன பிள்ளைகளோ!

"விடுங்கம்மா. இனி அந்தக் கவலையே வேணாம்" என்றாள் மனைவி. "நாளைக்கு மேஸ்திரி வர்றாரு. இடிச்சிட்டு அந்த இடத்துல கார் நிறுத்தப் போறோம்."

சொல்லாதே என்று அவன் கண்ணைக் காட்டுவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"இடிக்கப் போறீங்களா? யாரைக் கேட்டு?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியில கருகுது, உள்ள வேக மாட்டேங்குதும்மா" என்று இழுத்தான் அவன். "வச்சிருந்து என்ன பண்றது?"

"எப்படி வேகும்? மழை பேஞ்சு ஊறிக் கிடக்கிற அடுப்புல, எடுத்த எடுப்புலயே பெருந்தீய மூட்டினா? முதல்ல சின்னத் தீ. ஈரம் போகணும். அப்புறந்தான் பெரிய கட்டை. போ, காய்ஞ்ச விறகா பார்த்து எடுத்துட்டு வா. நீ ஏம்மா நிக்கிற? சாம்பலை வாரு!"

அவன் விறகு சுமந்தான். அவள் சாம்பல் அள்ளினாள். அம்மா முக்காலியை இழுத்துப்போட்டு அடுப்பு வாயிலேயே காவல் உட்கார்ந்தாள். தீ வளர வளரத் திட்டும் வளர்ந்தது.

வெயில் சாயும் நேரத்தில்தான் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உள்ள பாரு. மேல கல்லுல படிஞ்ச கரி எரிஞ்சு வெளுத்திருக்கா? அடுப்பு இப்பதான் தயார்."

தணலை ஒதுக்கிவிட்டு, சூடு பார்க்க ஒரு சிட்டிகை உலர்ந்த மாவைத் தூவினாள். மாவு கருகாமல், நிதானமாகச் சிவந்தது. ரொட்டிகளை உள்ளே தள்ளி, நனைத்த மரக்கதவால் வாயை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசனை தெருவரைக்கும் போனது. மனைவி சூட்டோடு ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். உள்ளே பஞ்சாக வெந்திருந்தது. வாய் நிறைய ரொட்டியோடு கணவனைப் பார்த்து, வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினாள்.

அவன் போனை எடுத்தான். "மேஸ்திரி, நாளைக்கு வர வேணாம். இடிக்கல."

அம்மா காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "இனிமே வாளியோட யாரையாவது இந்தப் பக்கம் பார்த்தேன், அப்புறம் இருக்கு!" என்று பின்வாசல் பக்கம் நடந்தாள்.

"அம்மா" என்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான் அவன். "பின்வாசல் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வர்றதுக்கு முன்னால மட்டும் ஒரு போன் பண்ணிடுங்க. திடீர்னு கொல்லையில சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுது. என்ன இருந்தாலும், இந்த வீட்ட நீங்க எங்களுக்கு வித்து ஒரு வருஷம் ஆகப் போகுதில்லம்மா?"